ரொறன்ரோ நூலக அட்டையால் ஆய்வுக் கட்டுரைகளும் பழைய பத்திரிகைகளும் எடுப்பது எப்படி?

வெண்தாமரை

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது ரொறன்ரோவுக்கு வெளியே மார்க்கம் நகரத்தில், என்ர வேலை ரொறன்ரோவுக்குள்ளே ஸ்காபரோவில். மகன் 12ஆம் வகுப்பு. கனடிய வரலாற்றுப் பாடத்துக்கு 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் இருந்து மீட்கப்பட்ட தமிழ் அகதிகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான். அந்த நேரத்துப் பத்திரிகைச் செய்தி நாலும், பியர் ரிவியூ (துறை அறிஞர்களின் மதிப்பாய்வு) செய்த ஆய்வுக் கட்டுரை மூன்றும் வேணும் என்று ரீச்சர் கேட்டிருக்கிறா. கூகிளில் தேடினால் நல்ல கட்டுரை வருகுது, திறந்தால் 42 டொலர் கட்டு என்கிறது. நூலக அட்டை இருந்தால் சும்மா எடுக்கலாம் என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

அதோட, நான் எக்செல்லும் கணக்குப் பதிவும் படிக்க நினைக்கிறன். அதுக்கும் இதே அட்டை காணுமா?

நூல்வழி

42 டொலர் கட்டவே வேண்டாம் அக்கா. அந்தக் கட்டுரைக்கு நூலகம் அநேகமாக ஏற்கெனவே பணம் கட்டியிருக்கும். நீங்கள் கூகிள் வழியாகப் போய்ப் பதிப்பாளரின் முன்வாசலில் நின்றபடியால்தான் காசு கேட்கிறது. நீங்கள் எந்த இணைய முகவரியில் இருந்து வருகிறீர்கள் என்பதைத்தான் பதிப்பாளரின் தளம் பார்க்கும். நூலகத்தின் பக்கத்தில் இருந்து இணைப்பை அழுத்தி, அட்டை இலக்கத்தைக் கொடுத்து உள்ளே போனால் நடுவில் நூலகத்தின் பிராக்சி சேர்வர் நிற்கும். அப்போது பதிப்பாளருக்கு நீங்கள் நூலகத்துக்குள் இருந்து வாசிப்பது போலத் தெரியும். பல தரவுத்தளங்களில் (கட்டுரைகளையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்துத் தேடவிடும் தளங்கள்) மேலே முகவரிப் பட்டையிலேயே நூலகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். காசு கேட்டால் முதலில் அதைப் பாருங்கோ. நூலகத்தின் பெயர் இல்லையென்றால் வெளியே வந்துவிட்டீர்கள், திரும்ப நூலகத் தளத்தில் இருந்தே தொடங்க வேணும்.

அட்டை விஷயம். ரொறன்ரோ நகர எல்லைக்குள் வசிப்பவர், வேலை செய்பவர், படிப்பவர், சொத்து வைத்திருப்பவர் எல்லாருக்கும் ரொறன்ரோ பொது நூலக அட்டை இலவசம். உங்கட வேலை ஸ்காபரோவில் என்றபடியால் உங்களுக்குக் கிடைக்கும். பெயர், முகவரி உள்ள அடையாள அட்டையோடு, வேலையிடத்தைக் காட்டும் ஏதாவது (சம்பளத் துண்டு, வேலைக் கடிதம்) கொண்டு எந்தக் கிளைக்கும் போகலாம். மகன் மார்க்கத்தில் வசித்து மார்க்கத்திலேயே படித்தால் அவருக்கு மார்க்கம் பொது நூலக அட்டைதான். அதை முதலில் எடுத்துவிடுங்கோ, அதுக்குள்ளேயும் தரவுத்தளங்கள் இருக்குது. ஆனால் ஒவ்வொரு நகர நூலகமும் தனித்தனியாகச் சந்தா கட்டுகிறது. இங்கே உள்ளது அங்கே இருக்கும் என்று எண்ணக்கூடாது.

மகனுக்கு இன்னொரு வழி: யங் தெரு 789ஆம் இலக்கத்தில், புளோர்-யங் சப்வேக்குக் கொஞ்சம் வடக்கே, ரொறன்ரோ ஆய்வு நூலகம் இருக்குது. உள்ளே இருக்கிற கணினிகளில் தரவுத்தளங்களைத் திறக்கலாம். வந்து இருந்து வாசிப்பவரும் நூலகத்தின் வாசகரே. அட்டை இல்லை என்றால் உதவி மேசையில் கேட்டுப் பார்க்கட்டும். கண்டெடுத்ததை அங்கேயே தன்ர ஈமெயிலுக்கு அனுப்பலாம்.

உள்நுழையும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறன். அட்டையில் 14 இலக்கம், இடைவெளி விட்டு அச்சடித்திருக்கும். தட்டும்போது இடைவெளி விடாதீங்கோ, சில தளங்கள் ஏற்காது. பழைய அட்டை இலக்கத்தை பிரௌசர் ஞாபகம் வைத்துத் தானே நிரப்பிவிடும், அதையும் கவனியுங்கோ. குக்கீயைத் தடுத்திருந்தால், விபிஎன் போட்டிருந்தால், விளம்பரத் தடுப்பான் கடுமையாக இருந்தால் உள்ளே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் திரும்பவும் இலக்கம் கேட்கும், சுற்றிச் சுற்றி அதே பக்கம் வரும். மூன்றையும் நிறுத்திவிட்டுப் புதிய விண்டோவில் முயற்சி செய்யுங்கோ. அதுக்கும் சரிவராவிட்டால் அட்டை காலாவதி ஆகியிருக்கலாம். பிந்திக் கொடுத்த புத்தகத்துக்கு ரொறன்ரோவில் 2022இல் இருந்து தண்டம் இல்லை. ஆனால் தொலைந்த புத்தகத்தின் விலை அப்படியே நிற்கும், அதனால் அட்டை முடங்கலாம்.

பழைய_பத்திரிகை

செய்திகளுக்கு இரண்டு களஞ்சியம் போதும்: குளோப் அண்ட் மெயில் (1844இல் இருந்து), ரொறன்ரோ ஸ்டார் (1894இல் இருந்து). இரண்டும் புரோக்வெஸ்ட் தளத்தில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவை. அட்டை இருந்தால் வீட்டில் இருந்தே பார்க்கலாம்.

இதில் ஒன்றை முதலே விளங்கிக்கொள்ள வேணும். நீங்கள் தேடுவது செய்தியை அல்ல, படத்தைப் பார்த்துக் கணினி ஊகித்த எழுத்துகளை. மை பரவிய இடத்தில் ஆங்கிலச் சின்ன 'ஐ'யை 'எல்' என்று வாசித்திருக்கும், அப்போது 'டமில்' என்ற சொல்லே அங்கே இல்லாமல் போகும். பத்திரிகையின் பத்தி ஒடுக்கம், அதனால் 'நியூஃபவுண்ட்லாந்து' போன்ற நீண்ட சொல் வரி முடிவில் இரண்டாக உடையும். உடைந்த சொல்லைத் தேடல் பிடிக்காது. அதனால் நீண்ட சொல் ஒன்றையே நம்பித் தேடாதீங்கோ. சின்னச் சொற்கள் பலவற்றை 'ஆர்' (ஆங்கிலத்தில் 'அல்லது') போட்டுக் கோர்த்து, திகதியை இறுக்கிப் பிடியுங்கோ.

மகனுடைய தலைப்புக்கு இப்படி: மேம்பட்ட தேடலைத் திறக்கவும். முதல் பெட்டியில் டமில்* ஆர் "ஸ்ரீ லங்கா*". இரண்டாவது பெட்டியில் லைஃப்போட்* ஆர் காஸ்ட்அவே* ஆர் ரெஃபியூஜி*. (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேணும். நட்சத்திரக் குறி போட்டால் ஒருமை, பன்மை, மற்ற விகுதி எல்லாம் சேர்ந்து வரும்.) திகதி: 1986 ஆகஸ்ட் 11 தொடங்கி செப்டம்பர் 30 வரை. மீட்கப்பட்ட நாளே ஆகஸ்ட் 11, செய்தி 12ஆம் திகதியில் இருந்துதான் நிறைய வரும். குளோப் ஞாயிறு வருவதில்லை, ஸ்டார் வரும், அதனால் ஞாயிறு இதழுக்கு ஸ்டாரைப் பாருங்கோ.

எண்ணிக்கையைத் தேடலில் போடவே கூடாது. 155 பேர் என்பதுதான் பிறகு நிலைத்த கணக்கு, ஆனால் முதல் நாட்களின் செய்தியில் 152 என்றும் வரும். 155 என்று தேடினால் முதல் செய்திகள் தப்பிப் போகும். வந்த வழியும் அப்படித்தான். இந்தியாவில் இருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். சில நாட்களில் கப்பல் மேற்கு ஜெர்மனியில் இருந்து புறப்பட்டது தெரியவந்தது. அதுக்குப் பிறகு பத்திரிகையின் குரலே மாறும். கட்டுரைக்கு இதுதான் மிக நல்ல பொருள் என்பது என்ர எண்ணம். நாலு செய்தியையும் ஒரே நாளில் எடுக்காமல், வெளிப்படுவதற்கு முன் இரண்டு, பின் இரண்டு என்று எடுத்தால் மாற்றம் தானாகவே தெரியும்.

பக்கவாட்டில் ஆவண வகை என்று ஒரு வடிகட்டி இருக்கும். அதில் ஆசிரியர் தலையங்கத்தையும் ஆசிரியருக்குக் கடிதத்தையும் தனித்தனியாகத் தெரிவு செய்து பாருங்கோ. சாதாரண சனம் என்ன நினைத்தது என்பது செய்தியில் வராது, கடிதத்தில் வரும். பிள்ளைகள் இதைத் தவற விடுகிறார்கள்.

திறந்ததும் வெட்டிய செய்தி மட்டும் தெரியும். முழுப் பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கோ, பக்கத்தில் என்ன செய்தி, படம் எத்தனை பெரிது என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும். முதல் பக்கச் செய்தி உள்ளே எங்கேயோ தொடரும், அந்தத் தொடர்ச்சியைச் சில நேரம் தனிப் பதிவாகப் போட்டிருப்பார்கள். கடைசி வசனம் பாதியில் நின்றால் அதே நாள் இதழைத் திறந்து, காட்டியிருக்கிற பக்கத்துக்குப் போங்கோ. பிடிஎஃப் இறக்கும்போதே திகதி, பக்க எண் (ஏ1, ஏ2 என்ற மாதிரி) இரண்டையும் குறித்து வையுங்கோ. பிறகு தேடித் திரிவது பெரும் பாடு.

அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கப் பார்வை வேணும் என்றால் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகள், சஞ்சிகைகள், மலர்கள் இருக்குது. அதுக்கு அட்டையே தேவையில்லை. ஆனால் உள்ளடக்கத் தேடலை நம்பாமல் பத்திரிகைப் பெயர், ஆண்டு வழியாக இறங்கிப் பாருங்கோ.

கணக்கன்

எக்செல், புக்கீப்பிங் பத்தி கேட்டிருந்தீங்க. ரொறன்ரோ அட்டையில் லிங்க்டின் லேர்னிங்னு வீடியோப் பாடத் தளம் இருக்கு. ஒரே ஒரு விஷயம்தான் எல்லாரையும் சிக்க வைக்குது: நேரா லிங்க்டின் தளத்துக்குப் போனா இலவசச் சோதனை மாதம்னு சொல்லிக் கிரெடிட் கார்டு கேட்கும். அது நூலகப் பாதையே இல்ல. நூலகத் தளத்தில் உள்ள இணைப்பை அழுத்தி, அட்டை இலக்கமும் பின் நம்பரும் (ரகசிய எண்) போட்டு வாங்க. லிங்க்டின் கணக்கு இருக்கணும்னு அவசியமே இல்ல.

உங்க முன்னேற்றம், முடிச்ச பாடம் எல்லாம் அட்டை இலக்கத்தோடதான் ஒட்டியிருக்கும். அட்டை தொலைஞ்சு புது இலக்கம் வாங்கினா பழையது வராது. அதனால ஒவ்வொரு பாடமும் முடிஞ்ச கையோடு சான்றிதழை பிடிஎஃப்பா இறக்கி வெச்சிருங்க. பாடத்தோட கீழே பயிற்சிக் கோப்புன்னு ஒன்னு இருக்கும், அதை முதல்லயே இறக்கி, அவங்க செய்யறதைக் கூடவே உங்க எக்செல்ல செஞ்சு பாருங்க. வெறுமனே வீடியோ பாத்தா பிவட் டேபிள் கையில் வராது. எக்செல், குவிக்புக்ஸ் மென்பொருள் அதில் வராது, அது தனியா உங்ககிட்ட இருக்கணும்.

பாடம் தேர்ந்தெடுக்கும்போது வெளியான ஆண்டைப் பாருங்க. புக்கீப்பிங் அடிப்படைக்குப் பழசு இருந்தாலும் பரவாயில்ல. வரி, சம்பளப் பட்டியல்னா பெரும்பாலும் அமெரிக்க விதிதான் சொல்லிக்கொடுப்பாங்க, கனடாவுக்கு எச்எஸ்டி (விற்பனை வரி), சிபிபி (ஓய்வூதியக் கழிவு) எல்லாம் வேற. தேடலில் கனடான்னு சேர்த்துப் போடுங்க.

வெண்தாமரை

மிகவும் நன்றி. பத்திரிகை நாலும் கிடைத்துவிட்டது, கடிதங்கள் உண்மையிலேயே கண்ணைத் திறந்தன. ஆய்வுக் கட்டுரையில்தான் நிற்கிறோம். பியர் ரிவியூ என்று டிக் போட்டும் இரண்டு பக்கப் புத்தக விமர்சனம் வருகுது. சிலதில் சுருக்கம் மட்டும் இருக்குது, கட்டுரை இல்லை. 1986 என்று போட்டால் அநேகமாக ஒன்றுமே வருகுதில்லை. ரீச்சருக்கு அனுப்பின இணைப்பும் திறக்கவில்லையாம்.

நூல்வழி

நாலுக்கும் காரணம் வேறு வேறு.

பியர் ரிவியூ வடிகட்டி பார்ப்பது சஞ்சிகையை, கட்டுரையை அல்ல. சஞ்சிகை மதிப்பாய்வுக்கு உட்பட்டது என்றால் அதில் வந்த புத்தக விமர்சனம், ஆசிரியர் குறிப்பு எல்லாமே வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும். ஆவண வகையில் 'ஆர்ட்டிகிள்' என்பதையும் தெரிவு செய்யுங்கோ. பிறகு கண்ணால் பாருங்கோ: தொடக்கத்தில் சுருக்கம், முடிவில் உசாத்துணைப் பட்டியல், பத்துப் பக்கத்துக்கு மேலே நீளம் இருந்தால் அநேகமாக உண்மையான ஆய்வுக் கட்டுரை.

சுருக்கம் மட்டும் வருவதற்குக் காரணம் இரண்டு. முழு உரை என்ற பெட்டியை டிக் செய்யவில்லை, அல்லது பதிப்பாளர் அண்மைய இதழ்களைத் தரவுத்தளத்துக்கு ஓர் ஆண்டோ மேலேயோ பிந்தித்தான் கொடுக்கிறார். கட்டுரையின் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு மற்றத் தரவுத்தளத்திலும் தேடுங்கோ. எப்ஸ்கோ என்ற தரவுத்தளத்தில் பூட்டியிருப்பது புரோக்வெஸ்டில் திறந்திருக்கலாம். ஜேஸ்ரோர் என்ற ஆய்வுச் சஞ்சிகைத் தளத்தில் யாரும் ஒரு கணக்குத் திறந்தால் 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் இலவசமாக வாசிக்கலாம், அதுக்கு நூலகமே வேண்டாம். கடைசி வழி, நூலகங்களுக்கு இடையிலான இரவல். ஆனால் அது நாட்கணக்கில் எடுக்கும், ஒப்படைக்கும் திகதிக்கு முதல் நாள் கேட்டுப் பயனில்லை.

ஒன்றும் வராதது தேடற்சொல்லின் பிழை. 1986ஐ மட்டும் வைத்து எழுதிய ஆய்வு குறைவு. 2009இல் ஓஷன் லேடி என்ற கப்பல் 76 தமிழரோடும், 2010இல் சன் சீ என்ற கப்பல் 492 தமிழரோடும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த பிறகுதான் ஆய்வாளர்கள் கூடுதலாக எழுதத் தொடங்கினார்கள். அந்தக் கட்டுரைகள் பலவற்றில் முன்கதையாக 1986 வரும். ஆகவே "சன் சீ" ஆண்ட் டமில்* என்று தேடி, கட்டுரையைத் திறந்து, உள்ளே 1986ஐத் தேடச் சொல்லுங்கோ. வெறும் சன், சீ என்று மேற்கோள் குறி இல்லாமல் போட்டால் கடலும் சூரியனும் வந்து குவியும். சொற்கள் அருகருகே வர வேணும் என்றால் எப்ஸ்கோவில் என்5, புரோக்வெஸ்டில் நியர்/5, இடையில் ஐந்து சொல்லுக்குள் என்று அர்த்தம். ஒரு தளத்தின் குறி மற்றத் தளத்தில் வேலை செய்யாது.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தவுடன் நில்லுங்கோ. அதன் கீழே பொருள் தலைப்புகள் என்று சில சொற்கள் இருக்கும், அவை நூலகர்கள் போட்ட சொற்கள். நாங்கள் 'படகு மக்கள்' என்று தேட அவர்கள் 'அகதிக் கொள்கை, கனடா' என்று வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால் அந்த வகைக் கட்டுரைகள் ஒரே இடத்தில் வரும். அதேபோல அந்தக் கட்டுரையின் உசாத்துணைப் பட்டியலே அடுத்த இரண்டு கட்டுரைக்கு வழி.

தரவுத்தளத்துக்கு வெளியேயும் பாருங்கோ. 'ரெஃபியூஜ்' என்ற சஞ்சிகை யோர்க் பல்கலைக்கழக அகதிகள் ஆய்வு மையத்தோடு சேர்ந்தது, 1981இல் இருந்து வருகிறது, மதிப்பாய்வு செய்யப்படுவது, முழுவதும் இலவசம். இந்தத் தலைப்புக்கு அதை விட்டுவிட்டு வேறெங்கும் முதலில் போகவே கூடாது. பின்னணிக்கு 1985 ஏப்ரல் 4இல் வந்த சிங் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேணும். அகதி கோருபவரை நேரில் விசாரிக்க வேணும் என்று சொன்ன தீர்ப்பு அது. படகுகள் வந்தது அதுக்கு அடுத்த ஆண்டு. கனடிய நீதிமன்றத் தீர்ப்புகளைப் போடும் கான்லீ தளத்தில் இலவசமாக இருக்குது. அது மூல ஆவணம், பியர் ரிவியூக் கணக்கில் சேராது.

ரீச்சருக்கான இணைப்பு: முகவரிப் பட்டையில் இருப்பது உங்கட அந்த நேர அமர்வுக்கு மட்டும் உரியது, சிறிது நேரத்தில் செத்துவிடும். கட்டுரைப் பக்கத்திலேயே நிரந்தர இணைப்பு என்று ஒரு சங்கிலிக் குறியோ பகிர்வுப் பொத்தானோ இருக்கும், அதைத்தான் எடுக்க வேணும். அதிலும் உங்கட நூலகத்தின் பெயர் ஒட்டியிருந்தால், அந்த அட்டை இல்லாத ரீச்சருக்குத் திறக்காது. டிஓஐ இலக்கத்தை (ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாள எண்) மகனுடைய கட்டுரையில் எழுதிவிட்டால் போதும், எந்த நூலகத்தில் இருந்தும் அவ தேடி எடுப்பா.

மேற்கோள் வடிவத்தைத் தளமே எழுதித் தரும், எம்எல்ஏ, ஏபிஏ எது வேணுமோ அது. அப்படியே ஒட்டாதீங்கோ. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வரும், பக்க எண் விடுபடும். பிடிஎஃப், எச்டிஎம்எல் (சாதாரண வலைப்பக்க வடிவம்) இரண்டும் இருந்தால் பிடிஎஃப் எடுங்கோ. எச்டிஎம்எல்லில் பக்க எண் இல்லை, அட்டவணைகளும் சில நேரம் காணாமல் போகும். இன்னொன்றும் பெற்றோருக்குச் சொல்ல வேணும்: செயற்கை நுண்ணறிவு (ஏஐ) அரட்டைச் செயலி எழுதித் தந்த உசாத்துணை ஒவ்வொன்றையும் தரவுத்தளத்தில் தலைப்பு வைத்துத் தேடிப் பாருங்கோ. தரவுத்தளத்திலும் இல்லை, சஞ்சிகையின் அந்த இதழிலும் இல்லை என்றால் அந்தக் கட்டுரையே இல்லை.

கரையூரான்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்ர அப்பப்பா (அப்பாவின் அப்பா) 1950களில் கொழும்பில் இருந்து லண்டனுக்குக் கப்பலில் போனவர். ஆன்செஸ்ற்றி என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் பயணிகள் பட்டியல் இருக்குதாம். நூலக அட்டையால் வீட்டில் இருந்து பார்க்கலாமா?

பழைய_பத்திரிகை

வீட்டில் இருந்து பார்க்க ஏலாது தம்பி. ஆன்செஸ்ற்றியின் நூலகப் பதிப்பு கிளைக்குள் மட்டும்தான், கொரோனா காலத்தில் கொடுத்த வீட்டு அனுமதி முடிந்துவிட்டது. எந்தக் கிளையிலும் இருந்து திறக்கலாம்.

பார்க்க வேண்டிய தொகுப்பு பிரித்தானியாவுக்கு உள்ளே வந்த பயணிகள் பட்டியல், 1878 முதல் 1960 வரை. ஐரோப்பாவுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் வெளியே இருந்து புறப்பட்ட கப்பல்கள் அதில் இருக்குது, கொழும்பு அதுக்குள் வரும். பெயரில்தான் பிரச்சினை. எங்கட ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, எழுதுவினைஞர் தகப்பன் பெயரையோ பெயரின் கடைசிப் பகுதியையோ குடும்பப் பெயர் பெட்டியில் போட்டிருப்பார். பட்டியலைக் கணினியில் ஏற்றியவர் அந்தக் கையெழுத்தை இன்னொரு விதமாக வாசித்திருப்பார். 'சுப்பிரமணியம்' ஒன்றுக்கே எத்தனை எழுத்துக்கூட்டல் என்று யோசித்துப் பாருங்கோ. முழுப் பெயரும் தட்டாமல் முதல் மூன்று நாலு எழுத்தோடு நட்சத்திரக் குறி போடுங்கோ (மூன்று எழுத்துக்குக் குறைந்தால் ஏற்காது), புறப்பட்ட துறைமுகம் கொழும்பு, ஆண்டுக்கு முன்பின் இரண்டு என்று வையுங்கோ. அதிலும் வராவிட்டால் பெயரை முற்றாக விட்டுவிட்டுத் துறைமுகம், ஆண்டு, வயது மட்டும். பட்டியலைத் திறந்து அடுத்த பக்கங்களையும் புரட்டுங்கோ, ஒன்றாகப் போனவர்களின் பெயர் அடுத்தடுத்து இருக்கும். போய் இறங்குவதாகச் சொன்ன இங்கிலாந்து விலாசமும் பெரும்பாலும் அதே வரியில் இருக்கும்.

உங்கட சொந்த ஆன்செஸ்ற்றிக் கணக்கு அங்கே வேலை செய்யாது, குடும்ப மரமும் கட்ட ஏலாது. படத்தை உங்கட ஈமெயிலுக்கு அனுப்பும் வசதி பக்கத்திலேயே இருக்குது, வீட்டுக்கு வந்ததும் அந்த இணைப்பைத் திறந்து படத்தை இறக்கிவிடுங்கோ, அது நிரந்தரமாக நிற்காது. ஒரு யூஎஸ்பியும் கொண்டு போனால் நல்லது.